அன்னாசியை முந்திக் கலந்த நாள்

எல்லாரும் அவரை 'விசிறி' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகப் பேருந்து நிலையத்துக்கு எதிரே பன்றிக்கறியைக் கம்பியில் கோத்துச் சுட்டு விற்கிறார். கரி தானே கனன்றுகொண்டிருந்தாலும் விசிறாமல் இருக்க அவரால் ஆகாது. கம்பியை ஒருமுறை திருப்ப வேண்டிய இடத்தில் நாலுமுறை திருப்புவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர். அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடிவிடுவார்.

அன்று மகள் வந்திருந்தாள். அவள் கணவனுக்கு வெகு தூரத்தில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு மணிப் பேருந்தில் ஏறினால் மறுபடி எந்த வருஷம் வருவாளோ! முந்தின நாள் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: "ஒரு வேளை என்கூட உக்காந்து சாப்பிடுங்கப்பா. அது போதும்."

அந்த 'போதும்'தான் மனுஷனைப் பாடாய்ப் படுத்தியது. விடியுமுன் எழுந்து கறியை வெட்டி, சோயா சாஸும் பூண்டும் மிளகும் போட்டுப் புரட்டினார். அன்னாசிச் சாற்றைச் சுடுவதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் கறி குழைந்துவிடும். இது அவருக்குத் தெரியாததா? ஆனாலும் கை சும்மா இருந்தால்தானே! ஆறு மணிக்கே பிழிந்து ஊற்றிவிட்டார்.

பன்னிரண்டரைக்குக் கம்பியில் குத்தினால் கறி கூழாக வழிந்தது.

"இத்தனை வருஷம் சுட்டவர் செய்ற வேலையா இது?" என்றாள் மனைவி.

"கறிக்கடைக்கு ஒரே ஓட்டமா ஓடிட்டு வந்துடறேன்."

மகள் வாசலை மறித்து நின்றாள். "நீங்க வாங்கிட்டு வந்து, வெட்டி, ஊற வெச்சுச் சுடறதுக்குள்ள என் பஸ் போயிடும். உக்காருங்கப்பா."

மிஞ்சியது அன்னாசித் துண்டும் வெங்காயமும் குடமிளகாயும். விசிறியை அவர் கையிலிருந்து பிடுங்கி, மகளே அவற்றைக் கோத்துச் சுட்டாள். அவர் நாற்காலி நுனியில் தவித்துக்கொண்டிருந்தார். தொடை ஓயாமல் ஆடியது. தட்டு வந்ததும், ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, அவள் தட்டிலிருந்த குடமிளகாயை ஒவ்வொன்றாகத் தன் தட்டுக்கு எடுத்துப் போட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"உனக்குத்தான் இது ஆகவே ஆகாதேம்மா."

"எட்டாவது படிக்கும்போதே பிடிச்சுப் போச்சுப்பா."

அவள் எட்டாவது படித்துப் பதினைந்து வருஷமாகிறது. பேருந்துக்கு இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை.

"வேற என்னம்மா எனக்குத் தெரியாமப் போச்சு?" என்று கேட்டார்.