செவியன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எபினேசர் ஓட்டும் ஹேமர் மெஷின் ஒரு அடி அடித்தால், கவரைப்பேட்டை ஸ்டேஷன் டீக்கடையில் கிளாஸ் தானாக நகர்ந்து பக்கத்து ஆள் கைக்குப் போய்விடும். இதில் பாதியை நம்பினால் போதும். பழுத்த இரும்பைப் பதினோரு வருடம் அடித்ததில் அவன் காது இரண்டும் போய்விட்டன என்பதை மட்டும் முழுதாக நம்பலாம்.

காண்ட்ராக்ட் ஆள். காது போனது கம்பெனிக்குத் தெரிந்தால் மறுநாளே கேட்டுக்கு வெளியே. அதனால் எதிராளியின் உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டினான். சர்ச்சில் அவன் ஆமென் மட்டும் எல்லோருக்கும் பிந்தித்தான் வரும்.

சூப்பர்வைசர் மோகன்ராஜுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஹேமரில் தன் மச்சானை ஏற்றிவிட வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை.

"டேய் எபினேசரு, காதுல இன்னா பஞ்சா வச்சிக்கினுகீற?" என்பான் முதுகுக்குப் பின்னாலிருந்து. பதில் வராது. மோகன்ராஜ் சிரித்துக்கொள்வான். ஆனால் இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும்? சாட்சி வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எபினேசரின் மாடி அறையில் ஓர் ஆட்டம் நடக்கும். அதே ஷெட்டில் அடுத்த ஹேமரை ஓட்டும் சாலமோன் வருவான். அங்கேயே அடித்த இரும்பை அளவு பார்க்கும் ஹெலன் வருவாள். ஆட்டத்தை நடத்துவதும் அவள்தான். மேஜையில் ஒரு கோட்டையின் வரைபடம், தாயக்கட்டை, ஆளுக்கொரு போன். ஹெலன் குரூப்பில் கதையை அனுப்புவாள். மற்றவர்கள் தங்கள் வேஷம் என்ன செய்கிறது என்று எழுதுவார்கள். எபினேசரின் வேஷம் செவியன் என்னும் ஒற்றன். பத்து காதத்துக்கு அப்பால் எறும்பு நடப்பதும் அவனுக்குக் கேட்கும். விதி ஒன்றுதான்: வாயைத் திறந்தவன் செத்தான்.

"நானும் ஆடறேன்" என்று ஒரு வாரம் வந்து உட்கார்ந்தான் மோகன்ராஜ். சூப்பர்வைசரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குரூப்பில் சேர்த்து, கோட்டை வாசல் காவல்காரன் வேஷத்தைக் கொடுத்தாள் ஹெலன்.

மூவரும் போனில் தலை கவிழ்ந்திருந்த நேரம் பார்த்து, மோகன்ராஜ் எழுந்து எபினேசரின் பின்னால் போய் நின்றான். அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"டேய், உன் வண்டிய எவனோ தூக்கினு போறான்டா!"

எபினேசர் அசையவில்லை. மாட்டினான் என்று மோகன்ராஜுக்கு உள்ளம் குளிர்ந்தது. அப்புறம்தான் கவனித்தான். சாலமோனும் அசையவில்லை. ஹெலன் இமைகூடக் கொட்டாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

படியில் தடதடவென்று சத்தம். கீழ் வீட்டு குப்பம்மாள், எழுபது வயது, கையில் துடைப்பத்தோடு வாசலை அடைத்து நின்றாள். நிழல் விழவே மூவரும் நிமிர்ந்தார்கள்.

"எவன்டா வண்டிய தூக்கினது? இன்னா நைனா, நீதான கத்தின? கீழ ஊட்ல எனக்கே தூக்கிவாரிப் போட்சு. இதுங்க இன்னா, புடிச்சி வச்ச மண்ணு மாதிரி குந்திகினுகீதுங்க?"

மூன்று பேரும் அவள் உதட்டைப் படித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூவருமே மற்ற இருவருக்கும் காது கேட்கும் என்றுதான் இத்தனை மாதமும் நம்பியிருந்தார்கள்.

ஹெலன் எழுதினாள்: "காவல்காரன் வாயைத் திறந்தான். செத்தான்."

மோகன்ராஜ் நின்றபடியே போனைக் குத்தினான்: "மூணுமே செவிடா? நாளைக்கே எழுதிக் குடுக்குறேன் பாரு. மூணு பேரும் ஊட்டுக்குப் போங்க."

எபினேசர் நிதானமாகப் பதில் போட்டான்: "குடு. ஒரே ஷெட்ல மூணு பேருக்கு எப்பிடிக் காது போச்சுன்னு கவர்மெண்ட் ஆபீசர் வந்து கேப்பாரு. வருசா வருசம் எங்களுக்கு காதுல அடைச்சிக்க இயர் பிளக் குடுத்ததா ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டது யாரு? நாங்க அத கண்ணால பாத்தது கூட இல்ல."

சாலமோன் கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்றை அனுப்பினான்.

மோகன்ராஜ் "எழுதல. வுட்ரு" என்று அனுப்பிவிட்டு, அப்போதே குரூப்பிலிருந்து விலகினான். வாசலைத் தாண்டும்போது திரும்பி எதையோ சொன்னான். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. குப்பம்மாள் துடைப்பத்தை ஓங்கினாள்.

எபினேசர் தாயக்கட்டையை உருட்டினான். போனை எடுத்தான்.

"செவியன் காதைத் தீட்டுகிறான். எறும்பு ஒன்று படியிறங்கிப் போவது கேட்கிறது."