ஒரு ஆணி அடிக்காத வீடு

வாடகை வீட்டில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். எங்கள் வீட்டில் அந்த வேலையையும் அய்யனே பார்த்துக்கொண்டார். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். சேலை உலர்த்தக் கயிறு கட்ட வேண்டும், அடுப்படிச் சுவரில் ஒரு ஆணி அடித்துக் கொடுங்கள் என்று அம்மா கேட்டால், "நாளைக்கு நம்ம ஊடு அம்மணி, செவுத்த ஓட்ட பண்ணாத" என்பார்.

சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லை ஒட்டி ஒரு பண்ணையக்காரர் வரிசையாகக் கட்டிவிட்ட ஓட்டு வீடுகளில் அது ஒன்று. பத்து வருஷம் விடாமல் வாடகை கட்டினால் வீடு குடியிருப்பவருக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு மாதம் வீட்டைப் பூட்டிப் போட்டால் அந்தப் பேச்சு முறிந்துவிடும். மில்லில் நூல் நூற்ற அய்யனுடைய வம்சத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு கூரை இருந்ததில்லை.

பத்தாவது வருஷம் நடந்தபோது எனக்கு எட்டு வயது. ஒரு நாள் காலை, தூக்கிப் போட்டு விளையாடிய கல்லாங்காய் ஒன்று சோள மூட்டைக்குப் பின்னால் உருண்டுபோக, எடுக்கக் குனிந்தேன். அங்கே எலி ஒன்று காலை நீட்டிச் செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு காயமும் இல்லை.

எலி விழுந்தால் பிளேக் வருகிறது என்று எங்கள் தெருவில் நண்டு சிண்டுகளுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே காட்டில் குடிசை போட்டு இரண்டு மூன்று மாதம் இருக்க வேண்டும். சர்க்கார் ஆட்கள் வந்து ஓட்டைப் பிரித்து, வீட்டுக்குள் வெயில் விழ விட்டுப் போவார்கள். எனக்கு அந்தக் குடிசை வாழ்க்கையில் கொள்ளை ஆசை. அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. ஓடிப்போய் அய்யனிடம் சொன்னேன்.

"காட்டுக்குப் போறமுங்களா?"

அவர் வந்து மூட்டையை நகர்த்திப் பார்த்தார். எலியைத் தேங்காய்த் தொட்டியில் அள்ளிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் புதைத்தார். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார். "அம்மாகிட்டச் சொல்லிப் போடாத கண்ணு. இன்னும் ரண்டே மாசம்."

பெரியவர்களின் ரகசியம் ஒன்று என் கைக்கு வந்தது அதுவே முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா தினமும் அந்த மூட்டைக்குப் பக்கத்தில்தான் பாய் விரிப்பாள். அங்கேதான் காற்று வரும். பார்த்துக்கொண்டே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தது. அக்குளில் நெறி கட்டியது. "ஏனுங்க, ஊட்டுல எலி கிலி உழுந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லியே" என்றார் அய்யன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். நானும் இல்லையென்று தலையாட்டினேன். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். வந்தவர்களிடம் அய்யன் விஷக்காய்ச்சல் என்று சொன்னார். அவரே சொன்னதால் நானும் அதையே நம்பினேன். வீடு பூட்டப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பண்ணையக்காரரின் கணக்குப்பிள்ளை பத்திரத்தோடு வந்தார். "இனி உங்க ஊடுங்க. எங்க வேணும்னாலும் ஆணி அடிச்சுக்குங்க" என்று சிரித்தார். அய்யன் அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு ஆணி வாங்கி வந்து, அம்மா கேட்ட இடத்தில் அடித்தார். அதில் கடைசிவரை கயிறு கட்டவில்லை.

ரகசியத்தை இத்தனை பத்திரமாகக் காப்பாற்றியதற்கு ஒரு நாளாவது அய்யன் என்னைப் பாராட்டுவார் என்று வெகுநாள் காத்திருந்தேன். அவரோ என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எதிரே போய் நின்றால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே அந்தச் சொந்த வீட்டில் வளர்ந்தேன்.