சுண்ணாம்புக் கோடும் பழைய விளக்குமாறும்

என் மருமகள் பிரியங்கா செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு வெள்ளைக்காரனும் அவன் பெண்சாதியும் வேனுக்குள்ளேயே சமைக்கிறார்கள், வேனுக்குள்ளேயே படுக்கிறார்கள், ஊர் ஊராகப் போகிறார்கள். அதை லட்சம் பேர் வாயைப் பிளந்து பார்க்கிறார்களாம்.

“மாமா, இந்த மாதிரி வண்டியப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்கிறாள்.

நான் என்னத்தைப் பார்ப்பது? இருபத்து நாலு வருஷம் நானும் ராமக்காவும் அப்படித்தான் குடித்தனம் நடத்தினோம். எங்களை ஒருத்தரும் படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மூணாங்கிளாசைத் தாண்டாத முனியப்பன், சைக்கிளில் அரிவாளும் தாம்புக்கயிறும் கட்டிக்கொண்டு வியாபாரம் பண்ணியவன், சொந்தமாக வேன் வாங்கி அதற்குள் வீடு கட்டினான் என்றால் சும்மாவா? கம்பைநல்லூர், அரூர், பென்னாகரம் என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் “அருவாக்கார வேன் வந்துருச்சு” என்பார்கள். அது நான் சம்பாதித்த பேர்.

ஆனால் பேர் என்னுடையது என்றாலும், அந்த வண்டியை ஓடவைத்தவள் ராமக்கா. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நான் கேட்கும்படி வைத்துக்கொள்ள மாட்டேன்.

அவள் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரி. அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். என்னோடு தமிழில் பேசும்போது ‘வாங்க, போங்க’ என்று மரியாதை கொடுப்பாள். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாள். “சும்னிரு” என்பாள். பேசாமல் இரு என்று அர்த்தம். அந்தப் பாஷையில் எனக்கு மரியாதை கிடையாது.

தொண்ணூற்றெட்டில் வேனை வாங்கினேன். பின்னால் இரண்டு பக்கமும் பலகை அடித்தேன். பலகைக்கு அடியில் மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், கயிறு. பலகைக்கு மேலே நாங்கள். கதவோரம் சின்ன கேஸ் அடுப்பு, குழாய் வைத்த தண்ணீர் டிரம், ஒரு கண்ணாடி, ஒரு முருகன் படம். மகன் அருண்குமார் தருமபுரியில் என் அக்கா வீட்டில் இருந்து படித்தான். லீவு விட்டால் அவனும் வந்து எங்கள் காலடியில் சுருண்டுகொள்வான்.

முதல் வருஷம் வண்டி என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு நாள் தண்ணீர் நாறும், ஒரு நாள் கூரை ஒழுகும், ஒரு நாள் எலி ஒயரைக் கடித்துவிடும். நான் மெக்கானிக்கைத் தேடி ஓடுவேன். ராமக்கா மெக்கானிக் பக்கத்தில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வருஷத்திலிருந்து மெக்கானிக் எங்களை மறந்துவிட்டான்.

அவள் புதிதாக ஒரு வித்தையும் செய்யவில்லை. மாட்டைப் பார்த்துக்கொள்வது மாதிரி வண்டியைப் பார்த்துக்கொண்டாள். அமாவாசை வந்தால் தண்ணீர் டிரம்மைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிடுவாள். கேஸ் சிலிண்டர் மாற்றினால் டியூபின் இரண்டு முனையிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் தீக்குச்சியைக் கிழிப்பாள். ஆடி பிறந்ததும் என்னைக் கூரைமேல் ஏற்றி ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்வாள். அவள் உள்ளே பலகையில் மல்லாந்து படுத்து, எங்கே சொட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கரியால் வட்டம் போடுவாள். அந்த வட்டத்துக்கு நேர் மேலே நான் தார் பூச வேண்டும். ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது அரூர் சந்தையில் எல்லாருடைய சாமானும் நனையும். எங்கள் போர்வை நுனிகூட நனையாது.

எல்லாவற்றையும்விட அந்தச் சுண்ணாம்புக் கோடு. அவளுக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. சக்கரத்து நட்டு ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பாள், நட்டில் பாதி, இரும்பில் பாதி வருகிற மாதிரி. காலையில் பல் விளக்கிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பாள். கோடு நேராக இருந்தால் சரி. கோணிக்கொண்டால் நட்டு கழன்றிருக்கிறது.

ஒருமுறை பஞ்சர் ஒட்டி மாட்டிய மறுநாள், இண்டூர் தாண்டி நிறுத்தியிருந்தபோது, “ஏங்க, மூணு கோடு ஒடஞ்சிருக்குது” என்றாள்.

“வெத்தல எச்சிய எங்கயாச்சும் துப்பியிருப்ப, அதுல அழிஞ்சிருக்கும்” என்றேன்.

“சும்னிரு. ஸ்பேனர எடு.”

எடுத்துப் பார்த்தால் மூன்று நட்டும் விரலாலேயே சுற்றுகிறது. அன்றைக்கு அப்படியே ஓட்டியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இப்படி இருபத்து மூன்று வருஷம் ஓடியது. அருண்குமார் தருமபுரியில் மருந்துக்கடை வைத்து, கல்யாணம் முடித்து, வீடும் கட்டினான். எனக்குச் சர்க்கரை வந்தது, முட்டி பிடித்தது. ஒரு தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டில் கை வைத்தபடியே அவன் ஆரம்பித்தான்.

“அப்பா, போதும். வண்டியக் குடுத்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. எங்கயாச்சும் மலைமேல வண்டி நின்னுருச்சுன்னா, உங்களுக்கு மயக்கம் வந்துருச்சுன்னா, அம்மா ஒத்த ஆளா என்ன பண்ணுவாங்க?”

“என் வண்டி நிக்காதுடா” என்றேன்.

“நான் அம்மாவக் கேக்கறேன்.”

ராமக்கா அவனுக்கு ரசம் ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டுச் சொன்னாள்:

“சரி சாமி. இனிமேல ஒரே ஒரு தடவ வண்டி ரோட்டுல நின்னாலும் நானே சாவியக் கொண்டாந்து உன் கையில குடுத்துடறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம்.”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இவள் கையில் இருக்கிற வண்டியாவது நிற்பதாவது? சாகிற வரைக்கும் வேன் எங்களுடையதுதான் என்று இன்னும் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். அந்த வேனை விட்டால் நான் யார்? மருந்துக்கடைக்காரனின் அப்பா. அவ்வளவுதானே.

ஒன்பது மாதம் ஓடிவிட்டது. ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வண்டியில் இருப்பது எல்லாமே ஆயுதம். அதனால் அந்தப் பூஜையை என்னைப் போல் கொண்டாடுகிறவன் இந்த ஜில்லாவில் கிடையாது. அந்த வருஷம் கம்பைநல்லூருக்கு வெளியே ஒரு களத்தோரம் நிறுத்தியிருந்தோம். நானே வாளி வாளியாக ஊற்றி வண்டியைக் கழுவினேன். ஈரம் காய்வதற்குள் ஒரு காற்று அடித்தது. களத்தில் குவித்திருந்த சாமைப் பதர் பறந்து வந்து, வண்டியின் முன்வாய்க் கம்பிவலையில் அப்பிக்கொண்டது. அதற்குப் பின்னால்தான், காற்றுப் பட்டு எஞ்சினை ஆற்றும் ரேடியேட்டர் இருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை. சந்தனம் குங்குமம் வைத்தேன். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினேன். நடுவில் என் கை தடிமனுக்கு ஒரு சாமந்தி மாலை. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்துத் திரும்பினால், ராமக்கா விளக்குமாற்றோடு வண்டிக்கு முன்னால் நிற்கிறாள்.

அது வண்டிக்கென்றே அவள் வைத்திருந்த தேய்ந்துபோன பழைய விளக்குமாறு. தினமும் காலையில் அதனால்தான் முன்வாயில் ஒட்டிய பூச்சியையும் சருகையும் கூட்டித் தள்ளுவாள்.

“என்ன பண்ற நீ?” என்றேன்.

“பதரு அடச்சிருக்குதுங்க. ரெண்டு தடவ இழுத்தா போயிரும்.”

“பூஜ போட்ட வண்டி. சாமி மூஞ்சியில வெளக்குமாத்தக் கொண்டாந்து வெக்கறியே, புத்தி இருக்குதா?”

“சாமிக்கு மூச்சு முட்டுதுங்க.”

“எல்லா ஆயுதத்துக்கும் இன்னிக்கு ஓய்வு. உன் வெளக்குமாத்துக்கும் ஓய்வு. கீழ போடு.”

களத்துக்காரர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போட்டுவிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. வத்தல்மலைக்குப் போக வேண்டும். மலையில் சாமை அறுப்பு நேரம், எங்கள் அரிவாளுக்குக் காத்திருப்பார்கள். புறப்படும் முன் அவள் மறுபடியும் கேட்டாள்.

“மாலையாச்சும் கழட்டிட்டுப் போலாங்க.”

“மலைக்காரங்க பாக்க வேண்டாமா? அலங்காரத்தோட ஏறுனாத்தான் லச்சணம்.”

அடிவாரம் வரைக்கும் ராஜாவாட்டம் ஓட்டினேன். மலை ஏறத் தொடங்கியதும் ராமக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். வண்டியில் சூடு காட்டுகிற ஊசி செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் உள்ளங்கைதான் எங்களுக்கு ஊசி.

ஐந்தாவது வளைவில், “நிறுத்துங்க” என்றாள்.

“இங்க நிறுத்துனா அப்புறம் இழுக்காது.”

ஆறாவது வளைவில் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு, “நிறுத்து” என்றாள். அப்போதும் நான் நிறுத்தவில்லை. ஏழாவது வளைவில் வண்டி தானாகவே நின்றது. மாலைக்கும் வாழைக்கன்றுக்கும் நடுவிலிருந்து குப்பென்று ஆவி கிளம்பியது. கல்யாண வீட்டு இட்லி அண்டாவைத் திறந்த மாதிரி.

அவள் முதலில் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள். நான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, “மூஞ்சி வெந்துரும். போயி நிழல்ல உக்காருங்க” என்றாள். திட்டவில்லை. கன்னடமும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாழைக்கன்றை அறுத்தாள், மாலையைக் கழற்றி முருகன் படத்துக்குப் போட்டாள், விளக்குமாற்றால் முன்வாயைக் கூட்டினாள். பதர் பொத்துப் பொத்தென்று கட்டியாக விழுந்தது.

மேலே இருந்து மல்லையன் பைக்கில் இறங்கி வந்தான். மலையில் சாமை போடுகிறவன், எங்கள் பழைய வாடிக்கை.

“என்னண்ணா, அருவாக்கார வண்டியே நின்னுருச்சா? அப்போ இன்னிக்கு மழதான்” என்றான்.

“நிக்கலடா. நான்தான் நிறுத்தியிருக்கறேன்” என்றேன்.

அவன் ஆவியில் வெந்த வாழை இலையைப் பார்த்தான், ராமக்கா முகத்தைப் பார்த்தான். இரண்டு அரிவாளை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த நேரம் பார்த்து ராமக்காவின் போன் அடித்தது. அருண்குமார். பண்டிகை நாள் என்று கூப்பிட்டிருக்கிறான். நான் அவளைப் பார்த்து இல்லை, இல்லை என்று கையை ஆட்டினேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் வண்டி ஆறிவிடும், ஏறிவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?

“எங்கம்மா இருக்கீங்க?” அவன் குரல் எனக்கும் கேட்டது.

“வத்தல்மலை ஏத்தத்துல, சாமி. வண்டி நின்னுருச்சு.”

“ஐயோ, அப்பாவுக்கு ஒன்னும் இல்லியே?”

“நல்லாத்தான் இருக்கறாரு. முன்னால பதரு அடச்சிருந்துச்சு. நான்தான் கூட்டாம விட்டுட்டேன்.”

நான்தான் கூட்டாம விட்டுட்டேன். அப்படித்தான் சொன்னாள். நான் அங்கேயே இருந்தேன். போனைப் பிடுங்கி, இல்லடா, கூட்ட விடாதது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்பது வருஷம் சந்தையில் கூவி விற்ற தொண்டை அன்றைக்கு வேலை செய்யவில்லை.

அருண்குமாருக்கே மனசு கேட்கவில்லை. “அது ஒரு ரிப்பேராம்மா? விடுங்க, பாத்து ஓட்டிட்டு வாங்க” என்றான்.

“நின்னுச்சா, இல்லியா? நின்னுச்சு. நாளான்னிக்கு வூட்டுக்கு வர்றோம்.”

வண்டி ஆறியதும் மலைமேல் போய் அரிவாள் அத்தனையும் விற்றோம். இறங்கும்போது எஞ்சின் மூடிமேல் அவள் கை இருந்தது. சூடே இல்லை. ஆனாலும் எடுக்கவில்லை.

வேனை, சந்தையில் கோரைப்பாய் விற்கும் காளியப்பனுக்குக் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் மூன்று நாள் அதை விடாமல் பார்த்தாள். டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தாள், கேஸ் டியூபைப் புதிதாக மாற்றினாள், என்னைக் கூரைமேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றச் சொல்லி உள்ளே மல்லாந்து படுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்து வந்தாள். சுண்ணாம்புக் கோடு எல்லாவற்றையும் புதிதாக இழுத்தாள். விளக்குமாற்றை மட்டும் கொடுக்கவில்லை.

இப்போது தருமபுரியில் மாடி வீடு, திருகினால் தண்ணீர். வசதிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மழை பெய்கிற இரவில் தகரக் கூரைமேல் சடசடவென்று விழும் அந்தச் சத்தம் இந்தக் காங்கிரீட்டில் கேட்பதில்லை. கை நீட்டினால் அடுப்பு, கால் நீட்டினால் கதவு என்று இருந்த எங்களுக்கு, இங்கே ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடக் கத்த வேண்டியிருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு அருண்குமார் தன் காருக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டினான். காட்டி முடித்ததும் ராமக்கா உள்ளே போய் அந்தப் பழைய விளக்குமாற்றை எடுத்துவந்து, காரின் முன்வாயை இரண்டு இழுப்பு இழுத்தாள். பிரியங்கா பதறிப்போய், “அத்தை, பூஜ போட்டதுக்கு அப்புறம் வெளக்குமாறா?” என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“கூட்டட்டும். அன்னிக்கு வத்தல்மலையில வண்டி நின்னது இவளால இல்ல. இவ கூட்டத்தான் வந்தா. நான்தான் விடல” என்றேன்.

அருண்குமார் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தான்.

“அது அன்னிக்கே தெரியும்பா. அம்மா எதையாச்சும் கூட்டாம விடுவாங்களா? நீங்க எப்பச் சொல்றீங்கன்னுதான் இருந்தேன்.”

நான் ராமக்காவைப் பார்த்தேன். இன்னும் ஏதாவது விளக்கமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“சும்னிரு” என்று சொல்லிவிட்டு, குனிந்து, காரின் முன்சக்கரத்து நட்டில் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு கோடு இழுத்தாள்.