ஆறு பன்னிரண்டு வண்டியில் ஏறியவள்

இது நடந்தது. இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். மார்கழி விடியலில் கல்லுக்குட்டை ஹால்ட்டில் ஒரே ஒரு நாள் நின்றிருந்தால் அந்தச் சிரிப்பு எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கேளமங்கலத்துக்கும் ஓசூருக்கும் நடுவில் இருந்தது அந்த ஹால்ட். ஸ்டேஷன் என்று சொன்னால் ஸ்டேஷனே கோபித்துக்கொள்ளும். பிளாட்பாரம் கிடையாது. பெட்டிக்கடை அளவுக்கு ஒரு தகரக் கூரை அறை. உள்ளே ஷேக் தாவூத். கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜெண்ட், அவ்வளவுதான். ஆனால் காலை 6.12 மீட்டர் கேஜ் வண்டி அவர் கைவிளக்கை ஆட்டாமல் கிளம்பாது. எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். ஓசூர் கம்பெனிகளில் ஏழு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான் அதில் ஏறுவார்கள். இருட்டிலும் பனியிலும் முகம் தெரியாது. அதனால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். “ஏறிட்டேன்” என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் வண்டி நிற்கும். கார்டு கோவிந்தப்பன் கத்தினாலும் நிற்கும்.

அவருடைய ஒரே மகள் சபீஹாவும் அந்த வண்டியில்தான் போய்வந்தாள். வயது பத்தொன்பது. உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை.

1986 டிசம்பர் 18, வியாழக்கிழமை. அப்பாவோடு ஹால்ட் வரைக்கும் வந்துவிட்டாள். கம்பெனி அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. “வண்டிய நிறுத்தி வெய்யுங்க அத்தா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். 6.12-க்கு வண்டி வந்தது. தாவூத் எல்லோரையும் கூப்பிட்டு முடித்துக் கடைசியாகக் கேட்டார்.

“சபீஹா, ஏறிட்டியா கண்ணு?”

“ஏறிட்டேன் அத்தா.”

பெண்கள் பெட்டியிலிருந்து தெளிவாக வந்தது குரல். விளக்கை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால், ஜல்லியில் செருப்புச் சத்தம்...

“அத்தா... நிறுத்துங்க அத்தா!”

சபீஹா அவரைத் தாண்டி ஓடினாள். பெட்டியின் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். பனியில் நனைந்த இரும்பு. கை வழுக்கியது. அவ்வளவுதான். ஐயோ, அந்தப் பிள்ளை...

குரல் கேட்டது என்று தாவூத் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் மனைவி ஹமீதுன்னிசா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “புள்ள வராமயே வெளக்க ஆட்டிப்புட்டு, கொரல் கேட்டுச்சுன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு?” அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள். தண்ணீர் வைப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். மகளைக் கொன்றவன் என்று ஊர் சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். கட்டினவள் வாயே திறக்காமல் சொன்னால் மனுஷன் எங்கே போவான்? நாம்தான் பொய் சொல்கிறோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து வேலைக்குத் திரும்பினார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஜன்னல் ஜன்னலாக விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு அனுப்புவார்.

பிப்ரவரி 4, புதன்கிழமை. 6.12. வண்டி வந்து நின்றது. அன்றைக்குப் பனியென்றால் பனி, நீட்டிய கை தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்.

“ராமப்பா?”

“ஏறிட்டேன் பாய்.”

“பேச்சியம்மா?”

“ஏறிட்டேன் அண்ணாச்சி.”

பழகிப்போன நாக்கு. நிற்கவில்லை.

“சபீஹா?”

சொன்ன பிறகுதான் உறைத்தது.

6.13. பெட்டிக்குள் பேச்சு அடங்கியது. என்ஜின் சத்தம் மட்டும்...

“ஏறிட்டேன் அத்தா.”

ஓடினார்.

பெண்கள் பெட்டி ஜன்னலில் விளக்கைத் தூக்கினார். ஓரத்தில் பேச்சியம்மாள். அவள் பக்கத்தில் ஓர் இடம் காலி. பத்துப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருத்தியும் அங்கே உட்காரவில்லை.

“எறங்கிடு கண்ணு... இந்த வண்டி வேணாம்... அத்தாகிட்ட வந்துடு...”

“ஏன்ரீ பாய், டைம் ஆயிப்போச்சு!” கோவிந்தப்பன் விசில் ஊதினார்.

6.16. வழக்கத்தை மீறி, அவர் விளக்கை ஆட்டாமலே வண்டி போனது.

அன்று மாலை ஏழு மணிக்குப் பேச்சியம்மாள் தாவூத் வீட்டுக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, அந்தப் பெட்டியில் தினமும் சபீஹாவோடு போனவள். வாசலிலேயே உடைந்து அழுதாள்.

“அண்ணாச்சி பொய் சொல்லலக்கா. அன்னைக்கு அந்தச் சத்தம் நானும் கேட்டேன். பயந்துபோயி இத்தன நாளா வாயத் தொறக்கல. சபீஹா எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. ‘செத்த தள்ளிக்கோ தாயி’ன்னேன், தள்ளிக்கிட்டா. வண்டி கெளம்பிச்சு. ஜன்னல் வழியாப் பாத்தா... சபீஹா வெளிய ஓடியாறா. திரும்பிப் பாத்தேன்க்கா. பக்கத்துல இருந்தவளும் எட்டி, அவ ஓடியாறதத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.”

ஹமீதுன்னிசா எழுந்து வந்தாள். நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு புருஷனின் கையைப் பிடித்தாள். “பாவி நான்... உங்கள என்னென்னமோ நெனச்சிட்டேன்” என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சியம்மாளிடம் கேட்டாள்.

“அந்தப் பொட்டியில நாளைக்கு எனக்கு ஒரு எடம் புடிச்சு வெய்யிறியா?”

மறுநாளிலிருந்து அவளும் அந்த வண்டியில் ஏறினாள். ஓசூர் வரை போவாள், அடுத்த வண்டியில் திரும்புவாள். அவள் கேட்டுக்கொண்டபடி தாவூத் தினமும் கடைசியாகச் சபீஹாவைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. தொண்ணூறுகளில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து ஹால்ட்டை மூடும்வரை, அவள் ஏறிய ஒரு நாள்கூட வரவில்லை.

காய்ச்சல், தலைவலி என்று அவள் வீட்டில் தங்கிவிட்ட நாட்களில் மட்டும் வந்தது. ஒரு நாள் தவறாமல் வந்தது. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த நாட்களில் தாவூத் வீடு திரும்பியதும் ஹமீதுன்னிசா படுக்கையிலிருந்தே கேட்பாள்.

“இன்னிக்காச்சும் கேட்டுச்சா?”

“இல்ல” என்பார்.