போக்கியத்தில் வாங்கிய வீடு

சொந்தமாக ஒரு வீடு, அதிலிருந்து மாதா மாதம் வாடகை. ஜட்கா ஓட்டிப் பிழைத்த பரந்தாமனுக்கு இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவன் ஜப்பான்காரன். குண்டு போடப் போகிறான் என்று நாற்பத்திரண்டில் மெட்ராஸே மூட்டை கட்டியது. திருத்தணியில் ரயில் ரயிலாக இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு பரந்தாமன் வீடு தேடி அலைந்தான். மாட்டுக் கொட்டகையைக்கூட மெழுகி வாடகைக்கு விட்டார்கள். குதிரைக்குக் கொள்ளு வாங்கவே திண்டாடுகிறவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்தச் சமயத்தில் மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு விலைக்கு வந்தது. மனைவி எல்லம்மாளின் கம்மல், மூக்குத்தி எல்லாவற்றையும் விற்றும் பாதிக்குமேல் குறைந்தது. பத்திரம் எழுதும் பக்தவச்சலம் வழி சொன்னார்.

"இதுக்கா மலைச்சுப் போய் நிக்கிற? உன் வண்டியில ஊடு தேடிகினு இருக்காரே பென்ஷன்காரர், அவருக்கே போக்கியத்துக்கு உடு. மொத்தமா பணம் குடுத்துட்டு வாடகை இல்லாம இருப்பாரு. அதை வித்தவனுக்குக் குடு. ஊடு உன்னுது."

"போகும்போது திருப்பிக் கேப்பாருங்களே?"

"கேட்டா இன்னா? இன்னொருத்தர்கிட்ட போக்கியம் வாங்கிக் குடு. ஊருக்குள்ள ஆளா இல்ல?"

ஆள் இருந்தது, அன்றைக்கு. திருப்பித் தரவேண்டிய பணத்தை வீட்டு விலையாகக் கொடுத்துவிடாதே என்று சொல்ல யாருமில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. குடி வந்த ஆதிகேசவன் ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனுஷர். பரந்தாமனோ சவாரி ஏறியவர்களுக்கெல்லாம் சாட்டையை நீட்டித் தன் வீட்டைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

ஜப்பான்காரன் வரவில்லை. ஓடி வந்தவர்கள் மெட்ராஸுக்கே திரும்பினார்கள். ஆதிகேசவனும் கிளம்பினார்.

"பணத்தைக் குடு பரந்தாமா, சாவியைத் தரேன்."

பணம் ஏது? புது ஆள் தேடி ஆர்.கே.பேட்டை, கனகம்மாசத்திரம் வரை அலைந்தான். தெருவுக்கு நாலு வீடு காலியாகக் கிடக்கும்போது மொத்தப் பணத்தை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? பணம் வராமல் சாவி வராது, போக்கியத்தில் அதுதான் வழக்கம். ஆதிகேசவனைக் குறை சொல்ல முடியாது. வீட்டைப் பூட்டினார். பரந்தாமன் வண்டியிலேயே ஸ்டேஷனுக்குப் போனார். வண்டிக் கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார்.

அப்புறம் புலி வாலைப் பிடித்த கதைதான். வீட்டு வரி பரந்தாமன் பேரில் வந்தது. மழைக்கு ஓடு நழுவினால் வெளியே ஏணி வைத்து ஏறி அவன்தான் மாற்றினான். மாற்றும்போது ஓட்டுச் சந்து வழியாகத் தன் வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்ப்பான். குடியிருந்தது வாடகைக் குடிசையில். விற்றுத் தொலைக்கலாமென்றால், பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஊர் கேட்ட விலை போக்கியப் பணத்துக்கே காணவில்லை.

"நீ ஊடு வாங்கினியா, பூட்டு வாங்கினியா?" என்றாள் எல்லம்மாள். கம்மல் இருந்த காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஒருநாள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பூட்டை உடைக்கப் போனான். "ஜெயில்ல வச்சிடுவான்டா" என்று பக்தவச்சலம் தடுத்தார். வழி சொன்ன மகராசன் அவர்தான்.

யுத்தம் முடிந்த பிறகு ஆதிகேசவன் ஒருநாள் வந்து இறங்கினார்.

"பூட்டியே கெடந்தா கரையான் அரிச்சிடும். நீ குடும்பத்தோட உள்ள இருந்து பாத்துக்கோ. கிருத்திகைக்கு வர்ற ஜனங்களுக்குக் கூடத்தை வாடகைக்கு உட்டு, பணத்தை எனக்கு மணியார்டர் பண்ணிடு."

போக்கியக்காரருக்கு அந்த உரிமை உண்டு. பரந்தாமன் முகம் கறுத்தது. என் வீட்டுக்கு நான் காவல்காரனா என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் எல்லம்மாள் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"குடிசை ஒழுகுது. ரோஷத்தைக் கட்டிகினு நீ வேணா அங்கியே இரு" என்றாள். அவனும் பின்னாலேயே போனான்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்த ஆற்காட்டுக் குடும்பம் ஒன்று கூடத்தைக் கேட்டது. வாடகையைக் கேட்டதும் பெரியவர் தயங்கினார்.

"கொஞ்சம் கொறைச்சுக்கக் கூடாதாங்க? நீங்கதானே ஊட்டுக்காரர்?"

உள்ளே எல்லம்மாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பச் சத்தம் நின்றது.

"இல்லீங்க" என்றான் பரந்தாமன். "ஊட்டுக்காரர் மெட்ராஸ்ல கீறாரு."