கரையான்சாவடியில் என் கணவர் போக்குவரத்தைச் சரிசெய்த மாலை

என் கணவர் மூன்று ஆண்டுகள் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது பெட்டி நிறைய சாக்லேட்டும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். சாக்லேட், நூம்பலில் எங்கள் குடியிருப்பில் வந்து விசாரித்தவர்களுக்குக் கொடுத்தே தீர்ந்துபோனது. கொள்கை தீரவில்லை.

சாலை குறுகும் இடத்தில் இரண்டு வரிசை வண்டிகள் ஒன்றாகச் சேர வேண்டுமானால், இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும். ஜிப்பின் பற்கள் மாதிரி. "அங்க இதைச் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித் தர வேண்டியதில்ல" என்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்துப் பேசும் தகுதியும் எனக்கு இல்லை. உரிமம் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் நடமாட்டமில்லாத உள்தெருக்களில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வேகத்தடையையும் முன்கூட்டியே அறிவிக்க, இரண்டாவது கியரில் போய்த் திரும்புவேன். மெயின் ரோட்டில் ஏற்ற இன்னும் நாள் வரவில்லை என்பது அவர் தீர்ப்பு.

அன்று முகூர்த்த நாள். அவருடைய அலுவலக நண்பர் மகளின் வரவேற்புக்காகப் பூந்தமல்லி போய்விட்டு, சாப்பிட்ட கையோடு கிளம்பினோம். நான் பட்டுப்புடவையில் இருந்தேன். அவர் வெள்ளை அரைக்கைச் சட்டையை உள்ளே விட்டு, நான் வாங்கிக் கொடுத்த பேன்ட் போட்டிருந்தார். கடையில் அது சந்தன நிறமாகத் தெரிந்தது. முடியும் ஒட்ட வெட்டியிருந்தார்.

கரையான்சாவடியை நெருங்கும்போதே வண்டிகள் நின்றுவிட்டன. மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்து, சாலையை ஒரு வண்டி போகும் அகலத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். நாங்கள் வலது வரிசையில் இருந்தோம். இடது வரிசை, தடுப்பு வரைக்கும் போய் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் வரிசையின் தலைக்கு வந்ததும் அவர் வண்டியை நிறுத்தி, இடப்பக்கத்து வேனுக்கு வழிவிட்டார். எவ்வளவு திருப்தி அவர் முகத்தில்! வேனைத் தொட்டுக்கொண்டு ஒரு கார் வந்தது. காரை ஒட்டி ஒரு மினி லாரி. அதன் இடுக்கில் நாலைந்து பைக்குகள்.

பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து அலுத்து, இறங்கி எங்கள் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், மண்டப வாசல்ல நின்னுகினு வாங்க வாங்கன்ற மாதிரி எல்லாத்தையும் உள்ள உட்டுகினு கீறே?"

"ஒண்ணு விட்டு ஒண்ணு போனா எல்லாருமே சீக்கிரம் போகலாங்க" என்றார் என் கணவர்.

"நீ ஒண்ணு உட்டே. அவன் கூட்டத்தோட வந்துகினு கீறான். நான் எப்போ ஊட்டுக்குப் போறது?"

நியாயமான கேள்விதான். என் கணவருக்கும் அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். "அவங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லல. அதுதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

"என்னங்க, எங்க போறீங்க?"

"ரெண்டு நிமிஷம் இரு."

நேராகப் போய்த் தடுப்பின் வாயில் நின்று, உறுமிக்கொண்டு வந்த தண்ணீர் லாரிக்கு எதிராக உள்ளங்கையைக் காட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் லாரி நின்றது. பிரேக் போட்டு, மரியாதையாகப் பின்னால்கூட நகர்ந்தது.

அப்போதுதான் நான் அவரை மற்றவர்களின் கண்ணால் பார்த்தேன். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சந்தன நிறம் அசல் காக்கியாகியிருந்தது. வெள்ளைச் சட்டை, காக்கிப் பேன்ட், ஒட்ட வெட்டிய முடி. லாரிக்காரர் பக்கத்து பைக்காரரிடம் சொன்னது எனக்கே கேட்டது: "தொப்பி இல்லாம வந்துகீறாரு மாமே, பெரிய ஆபீசரா இருப்பாரு." பைக்காரர் பெட்ரோல் டாங்க் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

ஒன்று இங்கிருந்து, ஒன்று அங்கிருந்து. ஜெர்மனி கரையான்சாவடிக்கு வந்தேவிட்டது. கொள்கையின் வெற்றி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பேன்ட்டின் வெற்றி என்று அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

சிக்கல் என்னவென்றால், வலது வரிசையின் தலையில் நின்றது எங்கள் கார். அதில் ஓட்டுநர் இல்லை. வண்டிகள் எங்களைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தன.

"அக்கா, நீயாச்சும் எடுக்கா! ஆபீசர் ஊட்டம்மா, உனக்கு ஓட்டத் தெரியாதா?" என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கதவைத் திறக்க இடமில்லாததால், புடவையைச் சுருட்டிக்கொண்டு கியரைத் தாண்டி அவர் இருக்கைக்கு மாறினேன். முதல் தடவை வண்டி குலுங்கி அணைந்தது. இரண்டாவது தடவை நகர்ந்தது. தடுப்பருகே போனதும் என் கணவர் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார். அது இடது வரிசையின் முறை. ஒரு காய்கறி வண்டி போகும் வரை நான் காத்திருந்தேன். பிறகு எனக்குக் கையசைத்தார்.

கண்ணாடியை இறக்கி, "ஏறுங்க" என்றேன்.

"நிக்காத, நிக்காத! பின்னாடி வண்டி வருது பாரு. போ, போ!"

போனேன். இரண்டு பக்கமும் தகரம். நிறுத்த ஒரு முழம் இடமில்லை. தகரம் முடிந்த இடத்தில் பின்னாலிருந்த பேருந்து நிறுத்த விடவில்லை. அதற்கப்புறம், உண்மையைச் சொன்னால், நிறுத்தத் தோன்றவில்லை. மூன்றாவது கியர் போட்டேன். அது அவ்வளவு சத்தமில்லாமல் விழும் என்று எனக்குத் தெரியாது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பெரிய லாரியை முந்தியபோது யாரும் எதையும் அறிவிக்கவில்லை. குடியிருப்பின் வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் பார்த்தேன், அவருடைய போனும் பர்ஸும் கியர் பக்கத்தில் கிடந்தன.

திரும்பிப் போய் அழைத்துவரலாமா, வழியில் ஒருவரையொருவர் தவறவிட்டுவிடுவோமா என்று நான் வாசலில் தவித்துக்கொண்டிருந்தபோது, சாப்பாடு கொண்டுபோகும் ஒருவரின் பைக்கில் அவர் வந்து இறங்கினார். கைகாட்டியதும் பைக்காரர் நின்றிருக்கிறார். "நூம்பல் போகணும்" என்றதும், "ஏறிக்கோங்க சார், என்கிட்ட எல்லாப் பேப்பரும் கரெக்டா கீது" என்றாராம். வழி நெடுக சிக்னல் போட்டே திரும்பினாராம். "எவ்வளவு ஒழுங்கான மனுஷன்!" என்று என் கணவர் வியந்தார்.

அதற்கு முன், தடுப்பருகே, உண்மையான போலீஸ்காரர் ஒருவர் வந்திருக்கிறார். முதலில் விறைப்பாக நின்று, "எந்த ஸ்டேஷன் சார்?" என்று கேட்டிருக்கிறார். இவர் கொள்கையை விளக்கியிருக்கிறார். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "ஊட்டுக்குப் போங்க சார், அடிகிடி பட்டுடப்போவுது" என்று ஓரமாக நகர்த்தினாராம். இவர் நகர்ந்த நொடியே இரண்டு வரிசையும் ஒன்றாக வாய்க்குள் பாய்ந்திருக்கின்றன.

இதையெல்லாம் சொல்லி முடித்து, தண்ணீர் குடித்து, என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "கிளட்ச் மேலயே கால வச்சுக்கிட்டு வந்தியா?"

"இல்ல" என்றேன். பொய்தான்.

அடுத்த வாரத்திலிருந்து என் அலுவலகத்துக்கு நானே காரை எடுத்துப் போகிறேன். மூக்கை நுழைப்பவர்களின் முகத்தைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் விட்டுவிடத் தோன்றும் என்று கற்றுக்கொண்டேன். பார்த்து, விட்டும் இருக்கிறேன்.

சில மாதம் கழித்து, அதே தடுப்பருகே, அவர் பக்கத்தில் இருக்க நான் ஓட்டினேன். இடப்பக்கத்திலிருந்து ஒரு சிவப்புக் கார் மெல்ல நுழைந்தது.

"விடாத. ஒட்டிப் போ" என்றார் என் கணவர்.

நான் விட்டேன். சிவப்புக் காரில் இருந்தவர் கையை உயர்த்தி நன்றி சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்று, தன் இடப்பக்கத்து வேனுக்கு வழிவிட்டார். பிறகு ஒரு ஆட்டோவுக்கு. பிறகு அதன் பின்னால் வந்த எல்லோருக்கும்.

என் கணவர் பக்கத்து இருக்கையிலிருந்து கையை நீட்டி ஹாரனை அழுத்தினார்.