செல்வமணியின் காலும் மூன்று கிலோ மணலும்

நோகுது என்று வருகிறவர்களை இன்னும் கொஞ்சம் நோக வைத்து அனுப்புவதுதான் எங்கள் தொழில். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் சண்டையால் இடம்பெயர்ந்து வந்திருந்த ஆஸ்பத்திரியில் நான் உடற்பயிற்சிச் சிகிச்சை உதவியாளர். வீட்டில் யாரிடமாவது "இன்னும் பத்துத்தரம் காலை நீட்டுங்கோ" என்று கெஞ்சி, பேச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பிந்தி எழும்புகிறவை

செல்வமணி முரசுமோட்டைக்காரி. தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே வயல் செய்தவர்கள். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் கொட்டில் கூரையில் ஓலைக் கிடுகு வேயும்போது விழுந்து இடத் தொடை முறிந்தது. பிளாஸ்டர் வெட்டியபோது கால் மெலிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. அடுத்த மாதம் புருஷன் ராசு நெல் அறுக்கும் அருவி வெட்டுக்குத் தூர இடம் போகவேண்டும். அதன்பிறகு குண்டு போட விமானம் வந்தால், மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு அவள் தனியாகப் பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்கி ஏறவேண்டும். எப்படியாவது இறங்கிவிடலாம், ஏறத்தான் தொடையில் பலம் வேண்டும்.

பயிற்சிக்கு எங்களிடம் இரும்புப் பாரம் ஏது? பழைய காற்சட்டைக் காலை வெட்டி, மூன்று கிலோ மணல் போட்டுத் தைத்து, கணுக்காலில் கட்டிவிட்டேன். கதிரையில் இருந்தபடி காலை நீட்ட வேண்டும், பையைக் கொண்டுபோய் வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும். ஏன் இவ்வளவு பாரம் என்று கேட்டாள். தசைக்குள் இரண்டு வகை நார் உண்டு என்று விளக்கினேன். மெதுவான நார்கள் சின்ன வேலைக்கே எழும்பிவிடும், லேசில் களைக்காது. வேகமான நார்கள் பலசாலிகள், ஆனால் மற்றவையால் ஏலாது என்ற நிலை வந்த பிறகுதான் எழும்பும். படி ஏற இரண்டும் வேண்டும். செல்வமணி துணைக்கு வந்திருந்த புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரின்னு சொல்லுங்க, மிஸ்."

ஒரே வலையில்

பக்கத்து வாங்கில் உட்கார்ந்து சவரி அண்ணை தோள்மூட்டுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். நாயாற்றுக் கடலில் மீன் பிடித்தவர். என் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, இதைத்தானே மீனில் பார்க்கிறோம் என்றார். சூரை ஓயாமல் ஓடுகிற மீன், அதன் சதை சிவப்பு. கொடுவா அசையாமல் நின்று ஒரே பாய்ச்சலாகப் பாயும், அதன் சதை வெள்ளை. இத்தனை நாள் இரண்டையும் கறி வைத்துத் தின்ற எனக்கு இது உறைக்கவே இல்லை. ஆனால் மனிதரின் ஒரே தசையில் இரண்டும் கலந்து கிடக்கும் என்றேன், படித்த பெருமையை விடாமல். அவர் கையை இறக்காமலே சொன்னார்: "அப்ப சூரையும் கொடுவாவும் ஒரே வலையிலை கிடக்குது எண்டு சொல்லுங்கோவன், ஆருக்கும் விளங்கும்."

மணல் எங்கே போனது

இரண்டு கிழமை கழிந்தும் கால் தேறவில்லை. செல்வமணி வியர்வை ஒரு சொட்டு இல்லாமல், கதைத்துக்கொண்டே இருபது தரம் நீட்டினாள். எனக்கு வந்ததே கோபம். "வீட்டிலை செய்யாமல் என்னை ஏமாத்துறியளோ?" என்று எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டேன். அவள் கண் கலங்கியபடி பையை அவிழ்த்துத் தந்தாள்.

அது கையில் லேசாக இருக்க, சந்தேகப்பட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் போட்டால், ஒன்றரைக் கிலோதான். தையலைப் பார்த்தேன், அது என் தையல் இல்லை. ராசு தலையைக் குனிந்துகொண்டான். தினமும் ஒரு பிடி மணலாக எடுத்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் திரும்பத் தைத்திருக்கிறான். அந்தப் பாரத்துக்கு மெதுவான நார்களே போதும், மற்றவை எழும்பத் தேவையே வரவில்லை. செல்வமணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனை ஏச வாயெடுத்தேன். ராசு சொன்னது இதுதான்: "அவ பல்லைக் கடிக்கிறதப் பார்த்துக்கிட்டு எனக்குச் சோறு எறங்கல, மிஸ்."

நாலு படி

மூன்று கிலோ நாலாகி, ஐந்தாகியது. பல்லைக் கடிக்கும் அந்தக் கடைசி நாலைந்து தரம்தான் காசு பெறும் என்று ராசுவுக்கும் சொல்லிவைத்தேன். அவன் புறப்பட இரண்டு நாள் இருக்கையில், ஆஸ்பத்திரிப் பங்கரின் நாலு படியில் அவளை ஏறவிட்டுப் பார்த்தோம். பிள்ளையைக் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை, பிள்ளையின் எடைக்கு மணல் மூட்டை கொடுத்தேன். இரண்டாம் படியில் தொடை நடுங்கியது. ராசு பாய்ந்துபோய் இடுப்பைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டான். எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

செல்வமணிக்கு மட்டும் இல்லை. திரும்ப இறங்கினாள். "கையப் பின்னால கட்டிக்கங்க. நீங்க புடிச்சா அந்த நாருங்கல்லாம் மறுபடி படுத்துக்கும்" என்றாள் புருஷனிடம். இடக் காலை ஊன்றி ஒரு படி, மூச்சுப் பிடித்து இன்னொன்று. மூன்றாவதில் அவள் போட்ட சத்தத்துக்கு மகள் அழத் தொடங்கினாள். நாலாவதையும் ஏறி, மூட்டையைப் போட்டுவிட்டு, அழுத பிள்ளையைத் தானே குனிந்து தூக்கினாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ராசு கட்டிய கை கட்டியபடியே நின்று கேட்டான்: "இப்ப கைய எடுக்கலாமா, மிஸ்?"

என்னிடம் வந்தவர்களில் பயிற்சியை ஆகக் கஷ்டப்பட்டுச் செய்தவர்கள், நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள்தான்.